இருபது அடி தள்ளி

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூட்டம் வைத்தார்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அம்மாக்கள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்வது எப்படி என்பது தலைப்பு. வாரத்தில் கொஞ்சம் காலை நீட்டலாம் என்றிருக்கிற ஒரே பொழுதைப் பிடுங்கிக்கொண்டு, காலை நீட்டுவது எவ்வளவு அவசியம் என்று ஒரு மணி நேரம் விளக்கினார்கள். கேமராவை அணைக்கக் கூடாதாம். அணைத்தவர்களை எச்.ஆர். பெண் பேர் சொல்லி, மிகுந்த அன்போடு, 'நெட்வொர்க் பிரச்சினையா மேடம்?' என்று விசாரித்தார்.

பேச வந்த நிபுணருக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். அவருக்குப் பின்னால் வெள்ளைவெளேரென்று ஒரு சுவர், ஒரு செடி, ஒரு புத்தர். சுவரைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பிள்ளை வளர்ந்த வீட்டுச் சுவரில் மூன்றடி உயரம் வரைக்கும் கிரேயான் சரித்திரம் ஒன்று இருந்தாக வேண்டும். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும், முதலில் உங்கள் சட்டியை நிரப்புங்கள்" என்றார் சிரித்துக்கொண்டே. நிரப்பலாம். சட்டி தேய்க்கிற அம்மா இன்றைக்கு வரவில்லை என்பதை யாரிடம் சொல்வது?

2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரம் ஆக்கினார்களே, அதே திருத்தத்தில்தான் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் இருக்கிறது. அதை நினைவுபடுத்திய ஒரு பெண்ணுக்கு, "எல்லாரும் வீட்டிலிருந்துதானே வேலை பார்க்கிறீர்கள், பிள்ளை பக்கத்திலேயே இருக்குமே" என்று பதில் வந்தது. காப்பகத்துக்குப் பதிலாகக் கூட்டம். கூட்டத்துக்குத் தொட்டில் வாங்க வேண்டியதில்லை, ஆயா சம்பளமும் கிடையாது.

இந்த மாதிரி யோசனைகள் என் போனில் ஏற்கெனவே மலையாகக் கிடக்கின்றன. உங்கள் போனிலும் கிடக்கும், மறுக்க வேண்டாம். நட்சத்திரம் போட்டு வைத்தது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது, நமக்கு நாமே அனுப்பிக்கொண்டது, நாத்தனார் அனுப்பியதை ஓரகத்திக்குத் தள்ளிவிட்டது. சேமித்த கணமே பாதி குணமாகிவிடுகிறது. கழுத்துவலிக்கான வீடியோவைக் கழுத்தை ஒடித்துப் படுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, பதினொன்றரை மணிக்குப் பார்ப்பதும் நாம்தான். அதற்கு அடுத்து தானாக ஓடும் வீடியோ, தூங்குவதற்கு முன் போனைத் தொடாதீர்கள் என்று ஆரம்பிக்கும். அதையும் முழுக்கப் பார்ப்போம்.

இத்தனையிலும் உருப்படியான யோசனை ஒன்றே ஒன்றுதான். முதுகுவலிக்கு. அதைச் சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன். வருகிறேன், அதற்கு முன்னால் இந்தத் தக்காளியை முடித்துவிடுகிறேன்.

1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்தபோது, சமையலறையில் வைக்கிற தக்காளி வடிவ மணியை முடுக்கி மேஜையில் வைத்துக்கொண்டாராம். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. உலகம் முழுக்கப் பரவி, சனிக்கிழமை எங்கள் கூட்டத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. முறையில் நான் குற்றம் சொல்லவில்லை. அந்த மணி சமையலறைச் சாமான். அதைப் படிப்பு மேஜைக்குக் கொண்டுவந்து ஒருவரால் வைத்துக்கொள்ள முடிந்ததே, அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அடுப்பில் என்ன இருந்தது? யார் பார்த்துக்கொண்டார்கள்?

அடுத்தது கண். 20 நிமிடத்துக்கு ஒரு தரம், 20 அடி தள்ளியிருக்கும் ஏதாவது ஒன்றை, 20 விநாடி பார்க்க வேண்டும். இதைக் கண் டாக்டர்களே சொல்கிறார்கள், காரணமும் இருக்கிறது. திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது, கண் காய்கிறது. கிட்டத்தில் பார்ப்பதற்காக இறுகிக் கிடக்கும் கண் தசை தூரத்தில் பார்த்தால்தான் தளரும். கண் பரிசோதனையில் 'ஆறுக்கு ஆறு' என்று எழுதித் தருகிறார்களே, அந்த ஆறு மீட்டர்தான் ஏறக்குறைய இந்த 20 அடி. எல்லாம் சரி. சென்னையில் யார் வீட்டில் இருபது அடி இருக்கிறது?

எங்கள் வீடு பத்திரத்தில் 900 சதுர அடி. லிஃப்டில் நம் பங்கு, மாடிப்படியில் நம் பங்கு, வாட்ச்மேன் நாற்காலி போட்டிருக்கிற இடத்தில் நம் பங்கு எல்லாம் போக மிஞ்சியதில் நாங்கள் குடியிருக்கிறோம். இஞ்ச் டேப் எடுத்து அளந்தேன். ஹால் 16 அடிக்கு 10. பையன் எட்டாவது படிக்கிறான், பித்தாகரஸ் நடத்தி முடித்த வேகம். "அம்மா, குறுக்கே பாரு, கர்ணம் நீளமா இருக்கும்" என்றான். பதினாறின் வர்க்கமும் பத்தின் வர்க்கமும் கூட்டி, வர்க்கமூலம் கண்டுபிடித்து, 18 அடி 10 அங்குலம் என்றான். படித்த படிப்பு இந்த வீட்டில் முதன்முதலாக உதவிய நேரம், ஆனாலும் ஒரு அடி இரண்டு அங்குலம் குறைகிறது. அந்த 18 அடி 10 அங்குலத்துக்கே நான் செருப்பு ஸ்டாண்டின் மேல் ஏறி உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும்.

சரியென்று சாப்பாட்டு மேஜையை பால்கனிக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டேன். எதிர்க் குடியிருப்பின் பால்கனி கணக்காக இருபதடி வரும். அங்கே பனியனோடு ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். வேறு பார்ப்பதற்கு ஏதும் இல்லை, பக்கத்தில் இருப்பது கழிவுநீர்க் குழாய். ஆகவே 20 நிமிடத்துக்கு ஒரு தரம் போனில் மணி அடிக்கும், நான் தலையை நிமிர்த்திப் பெரியவரை 20 விநாடி பார்ப்பேன். நீங்களே ஒரு மனிதரை இருபது விநாடி பார்த்துப் பாருங்கள், எவ்வளவு நேரம் என்று தெரியும். போதாக்குறைக்கு, கண் ஈரமாக இருக்க நன்றாக இமைத்து இமைத்துப் பாருங்கள் என்றும் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். இமைத்தேன்.

பெரியவர் முதலில் பேப்பரைக் கொஞ்சம் தாழ்த்தினார். பிறகு மடித்து வைத்தார். மறுநாள் சட்டை போட்டிருந்தார். அதற்கு அடுத்த நாள் சட்டைப் பையில் பேனா இருந்தது. எனக்கென்ன, நான் ஆறு மீட்டர் தூரத்தைப் பார்க்கிறேன். தலை வாரி, விபூதி பளிச்சென்று தெரிய அவர் உட்கார ஆரம்பித்த வாரத்தில், அந்த நாற்காலிக்கு அவர் மனைவி வந்துவிட்டார். மடியில் பூண்டை வைத்து உரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். 20 விநாடியெல்லாம் இல்லை, முழு அலுவலக நேரமும். ஒரு தடவைகூட இமைக்கவில்லை. கண்ணுக்கு ரொம்பக் கெடுதல், சொல்லத்தான் தோன்றியது. பூண்டு தீர்ந்த மறுநாள் பால்கனி முழுக்கப் பச்சை வலை கட்டிவிட்டார்கள். போகட்டும், பச்சையைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார்கள்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் கண் டாக்டர்களிடமும் எல்லா இடத்திலும் இருபதடி அறை கிடையாது என்பது என் நினைவுக்கு வந்து தொலைத்தது. எழுத்துப் பலகையை நம் தலைக்குப் பின்னால் மாட்டி, எதிரே பத்தடியில் ஒரு கண்ணாடி வைத்துவிடுவார்கள். போக பத்து, வர பத்து. எங்கள் படுக்கையறையில் பீரோ இருக்கிறது, பீரோவில் ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது. மேஜையை எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடிக்குள் இருபதடிக் கணக்கில் தெரிந்தவை: நான், எனக்குப் பக்கத்தில் கட்டில், கட்டிலின் மேல் மடிக்காத துணி. மணி அடிக்கும்போதெல்லாம் மடிக்காத துணியை 20 விநாடி உற்றுப் பார்க்க வேண்டும். கண் தசை தளர்ந்ததோ என்னவோ, பல் இறுகியது. அத்தை இரண்டு தரம் கதவோரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தரம் கேட்டேவிட்டார்.

"ஏம்மா, ஆபீஸ் நேரத்துல கண்ணாடியே பாத்துட்டிருக்கியே?"

"கண்ணுக்கு நல்லதுன்னு சொன்னாங்க அத்தை."

"நல்லதுதான். அதுக்கு ஒரு வயசு இருக்குல்ல?"

கடைசியில் நிஜக் கண் டாக்டரிடமே போனேன். அவர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "கண் கிடக்கட்டும், உள்ளே இப்படி வெளுத்திருக்கே, முதலில் ரத்தம் பாருங்கள்" என்றார். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நூற்றில் 53 என்றால் அது பெரும்பான்மை, ஆட்சியே அமைக்கலாம். சனிக்கிழமை கூட்டத்தில் வாசனை மெழுகுவத்திக்குக் கொடுத்த நேரத்தில் இதைச் சொல்லியிருக்கலாம். காபி, டீயைச் சாப்பாட்டோடு குடித்தால் உணவில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சேர விடாது என்பதையும் சொல்லியிருக்கலாம். டிபனுக்கும் காபிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள் என்றார் டாக்டர். இரண்டு இட்லி, உடனே ஒரு டம்ளர் ஃபில்டர் காபி என்று வளர்ந்த ஒருத்தியிடம் இதைச் சொல்ல அவருக்கு மனசு வந்ததே. கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள்ளலாமாம், அது சேரவிடுமாம். எலுமிச்சையை டவராவில் ஊற்றி ஆற்றிக் குடிக்க முடியுமா?

இனி மொட்டை மாடிதான் பாக்கி, அங்கேதான் இருபதடி தாராளமாக இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மூன்று தரம் ஏறி இறங்கினால் கண்ணும் ஆயிற்று, பத்தாயிரம் அடி நடையும் ஆயிற்று. அந்தப் பத்தாயிரமும் எந்த வைத்திய சாஸ்திரத்திலும் பிறந்ததில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று நடையை எண்ணும் கருவியை விற்கப் போட்ட பேரில் இருந்த எண் அது. அறுபது வருடமாக உலகமே அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஒரு கடைக்காரர் இஷ்டத்துக்கு ஒரு முழு எண் சொன்னால் நமக்கெல்லாம் தட்டத் தோன்றுவதில்லை. காய்கறிக்காரரிடம் மட்டும் ஐந்து ரூபாய் குறைப்போம்.

என் பிறந்தநாளுக்கு வந்த கைக்கடிகாரம் அந்த எண்ணிக்கையைத்தான் செய்கிறது. கை ஆடினால்தான் அதற்கு நடை. துவைத்த துணியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு மாடி ஏறினால் ஏறவே இல்லை என்று சாதிக்கிறது. உட்கார்ந்த இடத்தில் சப்பாத்தி தேய்த்தால், சபாஷ், அருமையாக நடக்கிறீர்கள் என்று அதிர்கிறது. முதுகுவலி விஷயம் மறக்கவில்லை, இதை முடித்துவிடுகிறேன்.

ஏனென்றால் கையைப் பார்க்காமல் வேலையை எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று. 2019இல் எடுத்தார்கள், மறுபடி 2024இல். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் 2019இல் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், 2024இல் 289. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் மிச்சம்! 'தினம் பத்து நிமிடம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள்' என்கிறார்களே, அது இங்கேதான் இருந்திருக்கிறது. ஆண்கள் கணக்கு 97இலிருந்து 88 ஆகியிருக்கிறது. நாம் பத்து நிமிடம் குறைப்பதற்குள் அவர்கள் ஒன்பது குறைத்துவிட்டார்கள். இதுவும் அன்றைக்கு வேலையில் கை வைத்தவர்களின் சராசரிதான். 2019இல் அப்படிக் கை வைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர், பெண்கள் 81 பேர். மற்ற 74 ஆண்கள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொண்டிருந்திருப்பார்கள், யாரும் கூட்டம் போட்டுச் சொல்லித்தராமலே.

இதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்வார் என்று பார்த்தால், "88ன்னா, நான் மேலேயா கீழேயா?" என்று கேட்டார். பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து எழுதியே காட்டினார். கதவில் தொங்கும் பால் பாக்கெட்டை உள்ளே எடுத்து வைத்தது 2 நிமிடம். கீசர் சுவிட்ச் போட்டது 1. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றியது 5, பழைய பேட்டரியைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தது 10. குப்பைப் பையைக் கீழே கொண்டுபோனது 4, கீழே செக்ரட்டரியோடு தண்ணீர் லாரி பற்றிப் பேசியது 25. "அது அசோசியேஷன் வேலைங்க" என்றேன். "தண்ணி நம்ம வீட்டுக்குத்தானே வருது?" மளிகைக் கடைக்குப் போய்வந்தது 40. கூட்டிப் பார்த்தால் 87. ஒரு நிமிடம் இடிக்கவே கொஞ்சம் யோசித்து, "கடையிலேர்ந்து உனக்கு போன் பண்ணி எந்தப் பருப்புன்னு கேட்டேனே, அது 3" என்று சேர்த்துக்கொண்டு 90 ஆக்கிவிட்டார்.

அந்த போனை நான் எடுத்து, அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அது துவரம்பருப்பு இல்லை, கடலைப்பருப்பு என்று சொல்லி, துவரை எந்த அலமாரியில் இருக்கும் என்றும் சொன்னேனே, அந்த மூன்று நிமிடம் யார் கணக்கில் வரும் என்று கேட்டேன்.

"அப்ப நீ ஆபீஸ் வேலையிலதானே இருந்தே" என்றார்.