கதவு கொடுத்தவர்களின் கடிதம்

பெறுநர்: லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் குடியிருக்கும் பிரபுக்கள் அவை, மக்கள் அவை ஆகிய இரண்டின் மாண்புமிகு உறுப்பினர்கள்.

பொருள்: தீயில் வெந்த வீட்டுக்கு ஒட்டுப்போட்டு, அடைசலோடு அடைசலாகக் குடித்தனம் நடத்துவது தொடர்பாக.

ஐயாமார்களே, அம்மையார்களே,

எங்கள் வீட்டு விவகாரத்தில் தலையிட நீங்கள் யார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்களைப் பார்த்து இதே கேள்வியைக் கேட்க எங்களுக்குத்தான் நெடுங்காலம் பிடித்தது. பதில் இதுதான்: 1941 மே மாதம் ஜெர்மானியக் குண்டு விழுந்து உங்கள் மக்கள் அவைக் கூடம் எரிந்துபோனது. 1950 அக்டோபரில் அதே இடத்தில் புதுக் கூடம் திறந்தீர்கள். புதுமனை புகுவிழாவுக்குக் காமன்வெல்த் நாடுகளெல்லாம் சீர் அனுப்பின. ஆஸ்திரேலியா சபாநாயகருக்கு நாற்காலி கொடுத்தது. கனடா நடு மேசை. இலங்கை, அவைக் காவல் அதிகாரிக்கு நாற்காலி. இந்தியாவும் பாகிஸ்தானும் வாசல் கதவுகள். விடுதலை வாங்கி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, சொந்த வீட்டில் ஆயிரம் ஓட்டை, இருந்தும் சீரில் நாங்கள் குறை வைக்கவில்லை. கொடுத்த சீர் பத்திரமாக இருக்கிறதா என்று அவ்வப்போது விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். விசாரித்தோம். கேள்விப்பட்டது நன்றாக இல்லை. அதனால் இந்த விண்ணப்பம்.

முதலில் 1834-க்குப் போவோம். உங்கள் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் உங்கள் கருவூலம் வரவுசெலவைக் குச்சியில் வெட்டிக் குறித்தது. பால்காரர் சுவரில் கோடு போடுவது போலத்தான், ஆனால் முறை இன்னும் நுட்பமானது: ஆயிரம் பவுண்டு என்றால் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டு, நூறு என்றால் கட்டைவிரல் அளவு, இருபது என்றால் சுண்டுவிரல் அளவு. குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்குப் பாதி. நல்ல ஏற்பாடு, காகிதம் மலியும் வரை. 1782-இல் இதை ஒழிக்கச் சட்டம் போட்டீர்கள். பழைய அதிகாரிகள் கண்மூடும் வரை பொறுத்திருந்து 1826-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. கணக்கு ஒழிந்தது, குச்சி ஒழியவில்லை. செல்லாத குச்சிகளை அறையில் அடைத்து வைத்தீர்கள். வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது, விறகில்லாத ஏழைக்குத் தூக்கிக் கொடுக்கவும் மனம் வராது. இந்தக் கடைசி விஷயத்தைச் சார்லஸ் டிக்கன்ஸ் 1855-இல் மேடையேறியே கேட்டுவிட்டார். கடைசியில் அறை தேவைப்பட்டது, எதற்கென்றால் திவால் நீதிமன்றத்துக்கு. 1834 அக்டோபர் 16 அன்று இரண்டு வண்டிக் குச்சிகளைப் பிரபுக்கள் அவைக்குக் கீழே இருந்த கணப்பு உலைகளில் காலையிலிருந்து மாலை வரை திணித்தார்கள். நாங்களும் போகியன்று பழையதைக் கொளுத்துகிறவர்கள்தான். ஆனால் வாசலில் கொளுத்துவோம், வீட்டுக்குள் அல்ல. பிற்பகலில் அவையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குப் பூட்ஸைத் தாண்டித் தரை சுட்டது. சுவரில் தொங்கிய சித்திரத் திரைகள் புகையில் தெரியவில்லை. யாரும் உலையை நிறுத்தவில்லை. மாலை ஆறு மணிக்குத் தீ வெளியே வந்தது. விசாரித்த பிரிவி கவுன்சில், சதி எதுவும் இல்லை, கவனக்குறைவு என்று சொல்லி முடித்துக்கொண்டது.

தீப்பிடித்ததைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. பழைய வீடு, பழைய சாமான், அவசரக்காரர்கள் மூன்றும் கூடினால் எந்த ஊரிலும் இது நடக்கும். உங்களைக் கெடுத்தது தீக்குப் பிறகு போட்ட ஒட்டு. அது பிய்ந்து விழுந்திருந்தால் பிழைத்திருப்பீர்கள். கெட்டியாக ஒட்டிக்கொண்டதுதான் வினை. நான்காம் வில்லியம் மன்னர் பக்கிங்ஹாம் அரண்மனையை உங்களுக்கே எழுதிவைக்கத் தயாராக இருந்தார். அவருக்கு அந்த வீடு பிடிக்காது என்பது வேறு கதை. தானம் வாங்குகிறவர் காரணம் கேட்பதில்லை. வேண்டாம் என்றீர்கள். ராபர்ட் ஸ்மர்க் என்ற கட்டடக் கலைஞரைக் கூப்பிட்டு, நின்றுகொண்டிருந்த கருகிய சுவர்கள் மேல் கூரை போடச் சொன்னீர்கள். பிரபுக்கள் அவையின் பழைய கூடத்தில் மக்கள் அவை, 'ஓவிய அறை' என்ற எரிந்த மண்டபத்தில் பிரபுக்கள் அவை. 1835 பிப்ரவரியில் நாடாளுமன்றம் கூடிவிட்டது. நான்கே மாதம்! எங்கள் கொத்தனார்கள் கேட்டால் நம்பமாட்டார்கள். ஸ்மர்க்கைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேட்டதைக் கேட்ட நேரத்தில் முடித்தார். அந்தத் தற்காலிகக் கொட்டகையில் பிரபுக்கள் அவை 1847 வரையும் மக்கள் அவை 1852 வரையும் குடியிருந்தன. 'தற்காலிகம்' என்ற சொல்லுக்கு உங்கள் அகராதி என்ன பொருள் சொல்கிறது என்று தெரிந்தால் நல்லது.

வீட்டைக் கட்டிப்பார் என்பது எங்கள் பழமொழி. வீட்டுக்காரர் உள்ளேயே உட்கார்ந்திருக்க அவர் தலைக்கு மேலே கட்டிப்பார் என்று ஒருவருக்கும் எங்கள் முன்னோர் சாபமிட்டதில்லை. உங்கள் புது அரண்மனையைக் கட்ட வந்த கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரிக்கு அது வாய்த்தது. ஆறு வருட வேலை முப்பது வருடத்தைத் தொட்டது; ஏழு லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் என்று போட்ட கணக்கு இருபது லட்சத்தைத் தாண்டியது; 1860-இல் அவர் இறந்தபோதும் வேலை பாக்கி இருந்தது. தாமதத்தைவிடப் பெரிய சேதம் ஒன்று உண்டு. கொட்டகையில் காற்று வரவில்லை என்று டேவிட் பாஸ்வெல் ரீட் என்ற விஞ்ஞானியை அழைத்தீர்கள். 1836-இல் அவர் அங்கே செய்த காற்றோட்டச் சோதனை பலித்தது. பலித்ததால், கட்டிக்கொண்டிருந்த புது அரண்மனைக்கும் அவரையே நியமித்தீர்கள். அவர் கேட்ட காற்றுத் தடங்களுக்கே கட்டடத்தின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்று பாரி புலம்பினார். இருவரும் முகம் பார்த்துப் பேசாத நிலை வந்தது, 1852-இல் ரீட் வெளியேற்றப்பட்டார். ஆள் போனார், தடங்கள் இருக்கின்றன. அடித்தளத்திலிருந்து கூரை வரை கிட்டத்தட்ட நூறு செங்குத்துத் தடங்கள். கீழே ஒரு பொறி விழுந்தால் மேலே ஏற அதற்கு நூறு ஏணி என்று அர்த்தம். நான்கு மாதத்தில் போட்ட ஒட்டு நல்லபடியாக வேலை செய்த பலனை நீங்கள் இன்றுவரை அனுபவிக்கிறீர்கள்.

அந்தத் தடங்களை வெறுமனேயாவது விட்டீர்களா? பரண் கண்ட இடத்தில் சாமான் ஏற்றும் குணம் குச்சியோடு எரிந்துபோகவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒன்றைத் திணித்தது: நீராவிக் குழாய், எரிவாயுக் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, கணினிக் கம்பி, இவற்றையெல்லாம் போர்த்த ஆஸ்பெஸ்டாஸ். பழையதைக் கழற்றாமல் பக்கத்திலேயே புதியது. ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதால் கழற்றப் பயம், கழற்றாததால் அது இன்னும் பழசாகிறது. கழிவுநீரைத் தள்ளும் இயந்திரங்கள் 1888-இல் வைத்தவை. கல் உதிர்கிறது, கூரை ஒழுகுகிறது. 2016-க்குப் பிறகு 44 தீச்சம்பவங்கள் என்று உங்கள் பொதுக் கணக்குக் குழுவே 2023-இல் சொன்னது. அதற்குத்தான் இரவும் பகலும் ஆள் வைத்து ரோந்து விடுகிறோமே என்பீர்கள். ரோந்துக்காரர்களை வணங்குகிறோம். ஆனால் இருபத்துநான்கு மணி நேரமும் எங்கே புகைகிறது என்று மோந்து பார்க்க ஆள் போட்டிருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது, ஒப்புதல் வாக்குமூலமாகும். அண்மையில் செய்த தீப்பாதுகாப்பு வேலைகளும் மனிதர் உயிரோடு வெளியேறுவதற்கானவைதாம், கட்டடத்தைக் காப்பதற்கானவை அல்ல. மாண்புமிகு உறுப்பினர்கள் தப்பித்துவிடுவீர்கள், மகிழ்ச்சி. எங்கள் கதவுக்குக் கால் கிடையாது.

காலி செய்து பழுதுபாருங்கள் என்றால், செலவு என்று ஒரு மறுப்பு சொல்கிறீர்கள். மக்கள் மின்கட்டணம் கட்டத் திண்டாடும்போது அரசியல்வாதிகள் தங்கள் வீட்டுக்குக் கோடிகளைக் கொட்டினால் ஊர் சும்மா இருக்குமா என்கிறீர்கள். இந்தக் கூச்சம் போற்றத்தக்கது. எங்கள் ஊர்ப் பக்கமும் கொஞ்சம் ஏற்றுமதி செய்யுங்கள். ஆனால் கணக்கு உங்களுடையதே. எல்லாரும் வெளியேறி நின்று பழுதுபார்த்தால் 700 முதல் 1,300 கோடி பவுண்டு, 19 முதல் 28 வருடம். உள்ளேயே இருந்துகொண்டு செய்தால் 1,100 முதல் 2,200 கோடி பவுண்டு, 46 முதல் 76 வருடம் என்று 2022-இல் உங்கள் ஆட்களே மதிப்பிட்டார்கள். எழுபத்தாறு வருடம்! இன்று முதல்முறை உறுப்பினராக நுழையும் இளைஞருக்குப் பேரன் பிறந்து அவனும் உறுப்பினராகி ஓய்வு பெறலாம், சாரம் இறங்கியிருக்காது. இதற்கிடையே சும்மா இருப்பதற்கான செலவும் இருக்கிறது: பெரும்பாலும் ஒட்டுப்போடவே வாரத்துக்குச் சுமார் 20 லட்சம் பவுண்டு போகிறது என்று 2023-இல் சொன்னது அதே பொதுக் கணக்குக் குழு. மொத்தமாகக் கொடுத்தால் ஊர் பேசும், சில்லறையாகக் கொடுத்தால் பேசாது என்பது கடன்காரனின் கணக்கு. குச்சியில் வெட்டிப் பார்த்திருந்தால்கூட இந்த வித்தியாசம் விரலுக்குத் தட்டுப்பட்டிருக்கும்.

மரபு என்ற மறுப்பை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. ஒரு கூடத்தின் வடிவம் அதில் நடக்கும் பேச்சின் வடிவத்தை மாற்றும் என்பது உண்மை. எதிரும் புதிருமாகப் பலகை போட்டு உட்காராவிட்டால் எதிர்க்கட்சி என்ற சொல்லுக்கே பொருள் தேய்ந்துவிடும் என்று உங்களில் பலர் மனதார நம்புகிறீர்கள். 1943-இல் சர்ச்சில், எரிந்த கூடத்தைப் பழைய வடிவிலேயே, எல்லா உறுப்பினருக்கும் இருக்கை போதாதபடியே கட்ட வேண்டும் என்று வாதாடி வென்றார். இன்றும் 650 உறுப்பினர்களுக்கு 427 இடம். இந்த மரபை மதிக்கிறோம். எங்கள் பேருந்துகளிலும் இதுவே மரபு. ஆனால் 1941 முதல் 1950 வரை உங்கள் மக்கள் அவை எங்கே கூடியது? பெரும்பாலும் பிரபுக்களின் கூடத்தை இரவல் வாங்கி. பிரபுக்களோ அரசர் உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டார்கள். 1946-இல் இலவச மருத்துவத்துக்கான சட்டம் அந்த இரவல் கூடத்தில்தான் நிறைவேறியது. 1947-இல் இந்திய விடுதலைச் சட்டம், இலங்கை விடுதலைச் சட்டம் இரண்டும் அங்கேதான். இருநூறு வருட ஆட்சியைக் கைகழுவும் முடிவையே ஒண்டுக் குடித்தனத்தில் உட்கார்ந்து எடுக்க முடிந்தது. மீன்பிடி மசோதாவை வேறு கூடத்தில் விவாதிக்க முடியாதா?

ஒருமுறை வெளியேறினால் திரும்ப விடமாட்டார்கள் என்ற பயம் அடியில் ஓடுகிறது. பாதுகாப்பாக இன்னோர் இடம் தேடுவது கடினம் என்பதும் மெய். ஆனாலும் உங்களுக்கு மேசை கொடுத்த கனடாவைப் பாருங்கள். 1916-இல் அவர்கள் நாடாளுமன்றமும் எரிந்தது. இப்போது பழுதுபார்க்க வேண்டி வந்ததும், மக்கள் அவை 2018 இறுதியில் கட்டடத்தைக் காலி செய்து பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விட்டது. வானம் இடிந்து விழவில்லை. கதவு கொடுத்த இந்தியர்களான நாங்களும் 2023-இல் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வீடு மாறினோம். எங்களைப் பின்பற்றுங்கள் என்று சொல்லக் கொஞ்சம் நா கூசுகிறது. அடுத்த வருட மழைக்கே புது வீட்டின் முன்கூடத்தில் ஒழுகி வாளி வைக்க நேர்ந்தது. ஆனால் வாளியை வைத்தது ஒழுகிய இடத்தில், எரிந்த இடத்தில் அல்ல. நீங்களும் 2018 ஜனவரியில் 236-க்கு 220 என்று வாக்களித்து, வெளியேறத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள்தாம். 2019-இல் அதற்குச் சட்டம் போட்டீர்கள், மேற்பார்வைக்குத் தனி அமைப்பு வைத்தீர்கள். கணக்கு அதிகம் வந்ததும் கணக்குச் சொன்ன அமைப்பையே 2022-ஓடு கலைத்தீர்கள். காய்ச்சல் காட்டிய வெப்பமானியை உடைத்த கதை.

இதற்கிடையில் பிரபுக்கள் நுழையும் வாசலுக்குப் பாதுகாப்புக் கருதி 96 லட்சம் பவுண்டில் புதுக் கதவு போட்டதாகவும், தானாகத் திறக்க வேண்டிய அதற்குப் பொத்தானை அழுத்தத் தனியாக ஆள் நிற்க வேண்டியதாயிற்று என்றும் 2025-இல் படித்தோம். நாங்கள் கொடுத்த கதவைப் பற்றி இப்படி எந்தப் புகாரும் எங்கள் காதுக்கு எட்டவில்லை. தள்ளினால் திறக்கும் வகை.

ஆகவே எங்கள் கோரிக்கை சிறியது. காலி செய்யும் தேதியை ஒரு முறையாவது குறியுங்கள். குறிக்க மனம் வராவிட்டால் அதுவரை காத்திருக்காமல் இந்தியா கொடுத்த கதவையும் இலங்கை கொடுத்த நாற்காலியையும் இப்போதே கழற்றி, எரியாத ஓர் இடத்தில் வையுங்கள். அருகிலேயே ஜூவல் டவர் இருக்கிறது. 1834 தீயில் மக்கள் அவையின் ஆவணங்கள் சாம்பலானபோது அந்தக் கோபுரத்தில் இருந்த பிரபுக்கள் அவை ஆவணங்கள் தப்பித்தன.

இப்படிக்கு,
கதவு கொடுத்த வீட்டார்