வானத்தில் போட்ட முதல்

கேள்வி: விமான கம்பெனிக்கு முதல் போட்ட தமிழர் யாராவது உண்டா? லாபம் பார்த்தாரா?
– ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: ஏன் இல்லை! கோட்டையூர் அழகப்பச் செட்டியார். பணம் மட்டுமா போட்டார்? லண்டன் கிராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றவர். அவருடையதுதான் ஜூபிடர் ஏர்வேஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்து டகோட்டா விமானங்கள் சல்லிசாகக் கிடைத்த காலம். ஆளாளுக்கு விமானம் வாங்கினார்கள். டிக்கெட் வாங்கத்தான் போதிய ஆளில்லை. 1953-ல் அரசு நாட்டுடைமையாக்கிய விமான கம்பெனிகளில் ஜூபிடர் இல்லை. அதற்கு முன்பே தரையிறங்கிவிட்டது.

லாபம்? அடையாற்றைத் தாண்டி கிண்டிக்குப் போய்ப் பாருங்கள். அவர் நன்கொடையில் 1944-ல் பிறந்த ஏ.சி. டெக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்தவர்கள் விமானமேறி அமெரிக்கா போகிறார்கள். டிக்கெட் காசுதான் வேறு கம்பெனிக்கு!