கறிக் கத்தி பிடிக்கப் போறவனுக்கு

பேராண்டி, துபாய்ல பிரேசில் கறிக்கடையில உனக்கு வேல கெடச்சிருக்குன்னு லயமே பேசுது. சந்தோசம்டா. கம்பியில குத்திச் சுட்ட மாட்டுக் கறியத் தூக்கிக்கிட்டு மேச மேசயாப் போயி, அவனவன் தட்டுலயே சீவிப் போடணுமாம். காசுக்கு ஒரே கணக்கு, கறிக்குக் கணக்கே இல்லயாம்.

தெற்கு பிரேசில்ல, ரியோ கிராண்டே டோ சுல் பக்கம், மாடு மேய்ச்ச கவுச்சோக்காரனுக கல்லுப்ப அப்பி நெருப்புல வாட்டித் தின்னது இது. தின்னவன் மேய்ச்சவன், இப்ப வெல குடுக்கிறவன் மாட்டு வாலைக்கூடப் பாக்காதவன்.

முதலாளி சூதையும் தெரிஞ்சுக்க. மொதல்ல சாலட்டு, சீஸ் உருண்டை, கோழி, சொசேஜ்னு வயித்த ரொப்புவான். அப்புறந்தான் கொழுப்போட வளைச்சுக் குத்துன பிக்கான்யாங்கிற மாட்டுக் கறி ஆடி அசஞ்சு வரும். ஆசயோட ஒரு வயசாளி வந்து உக்காந்தா, காதோரமா, "உருண்டையத் தொடாதீங்க ஐயா"ன்னு சொல்லிட்டு நகந்துரு. பெரும பேசுறவனுக்குக் காயிதம் கணக்கா மெலிசாச் சீவு.

மேசயில ஒரு அட்ட இருக்குமாம். பச்சயக் காட்டுனா கறி வரும், செவப்பத் திருப்புனா நின்னுரும். அடேயப்பா! நாங்களும் தேயிலத் தோட்டத்துல எத்தன காலம் செவப்புக் கொடி காட்டுனோம், ஒரு தொரயாச்சும் நின்னானா?

சீவுறது நீ, திங்கிறது இன்னொருத்தன்னு மனசு கோணாத. அதுல நமக்குத்தான் சர்வீஸ் ஜாஸ்தி. 1969லயே நம்ம பொல்பிட்டிய பவர் ஹவுஸ் கரண்டு எடுத்துச்சு. கம்பி தலைக்கு மேல போச்சு, உங்க பாட்டி குப்பி லாம்புல அரிசி பொறுக்குனா. நல்ல தேயில கப்பல் ஏறும், நமக்கு டஸ்ட்டு.

ஆனா கத்தி கையில இருக்கிறவன் நாணயம் வேற. தீவாளிக்கு நாலு வீடு சேந்து ஆடு அடிச்சா, கூறு போட்டவன் கடேசியாத்தான் எடுப்பான். ஈரலு எங்க போச்சுன்னு மட்டும் யாரும் கேக்கப்படாது!

மாட்டுக் கறிய வாயில வைக்கமாட்டேன்னு பாட்டிக்குச் சத்தியம் பண்ணிருக்க. துபாய் தூரந்தானேன்னு நெனைக்காத, நம்ம காவல் சாமி மாடசாமியும் கடல் தாண்டி வந்தவருதான். ஆட்டுக் கம்பி வந்தா ஒரு துண்டு வாயில போட்டுக்க, அவரு கண்டுக்க மாட்டாரு.

அப்புறம், கவுச்சோ வேசத்துக்கு முழங்கால் பூட்ஸ் குடுப்பானுகளாம். லீவுல வர்றப்ப அதக் கொண்டாந்துரு. ஆறாம் நம்பர் மலையில அட்டக் கடி தாங்கலடா.