கரடிக்குக் கைமணி

எங்கள் ஆட்களுக்கு நடப்பதில் ஓர் ஆட்சேபமும் கிடையாது. போய்ச் சேர ஓர் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் வரை பாதயாத்திரை போகிற சனம் இது. ஆனால் அந்தக் கோடியில் முருகன் நிற்கிறார். நியூபவுண்ட்லாந்தின் டெரா நோவா தேசியப் பூங்காவில் உள்ள சாண்டி பாண்ட் நடைபாதையோ, மூன்று கிலோமீட்டர் அளவுக்கு ஒரு குளத்தைச் சுற்றிவிட்டு, புறப்பட்ட கார் தரிப்பிடத்திலேயே கொண்டுவந்து விடுகிறது.

"வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வாறதெண்டால் ஏன் வெளிக்கிடுவான்?" என்றார் மாமா.

"கோயில் வீதி சுத்துறமாதிரி எண்டு நினையுங்கோவன்."

"அப்ப நடுவில சாமி எங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. நடுவில் குளம் மட்டும்தான் இருந்தது.

மாமாவை ஸ்காபரோவிலிருந்து விமானமேற்றி இங்கே கொண்டுவந்தது என் யோசனை. அவர் சம்மதித்ததற்குக் காரணம் காடும் அல்ல, கடலும் அல்ல, கடிகாரம். மாமாவின் கைக்கடிகாரம் முப்பது வருடத்துக்கு மேலாக ஊர் நேரத்தில்தான் ஓடுகிறது. ரொறன்ரோவில் நேரம் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அரை மணித்தியாலத்தைக் கூட்டிக் கழிக்கிற தொல்லை. நியூபவுண்ட்லாந்து நேரமும் யாழ்ப்பாணத்து நேரத்தைப் போலவே அரை மணியில் நிற்பது. கோடையில் சரியாக எட்டு மணித்தியால வித்தியாசம். நிமிடக் கம்பி இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். "இவங்கள்தான் விளங்கின ஆக்கள்" என்று விமான நிலையத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

டெரா நோவா 1957இல் உருவானது. நியூபவுண்ட்லாந்து கனடாவோடு சேர்ந்து எட்டு வருடங்களுக்குப் பிறகு அங்கே அமைந்த முதல் தேசியப் பூங்கா. ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர். போனாவிஸ்டா விரிகுடா தன் விரல்களை உள்ளே நீட்டி நிலத்தைக் கிழித்திருக்கிறது. அந்த விரல்களின் ஓரம்வரை ஊசியிலைக் காடு இறங்கி வந்து நிற்கிறது. விளம்பரப் படத்தில் பார்த்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மரம், நடுவில் சிரித்தபடி நடக்கும் தம்பதி. அந்தப் படத்தை எடுத்தவர் மரத்தின்மேல் ஏறி எடுத்திருக்க வேண்டும். அந்த விரல்களில் ஒன்றான நியூமன் சவுண்ட் ஓரமாகப் போகிற கரையோரப் பாதையில் முக்கால்வாசி நேரம் கடல் ஒரு வதந்திதான். சத்தம் கேட்கும், உப்பு மணக்கும், கண்ணுக்கு முன்னால் கறுப்பு ஸ்புரூஸும் பால்சம் ஃபிரும் தோளோடு தோள் நிற்கும்.

நான் புதிதாக வாங்கிய தொலைநோக்கியால் அந்த மரங்களை இன்னும் பெரிதாகப் பார்த்தேன்.

மாமா எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் நிலத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. பயம் நியாயமானது. பனியாறுகள் வழித்துப் போட்ட பாறையின்மேல் ஒரு சாண் மண்தான் இங்கே. குளிரில் விழுந்த ஊசியிலை உக்குவதற்கே வருடங்கள் எடுக்கிறது. ஆழத்துக்குப் போக வழியில்லாத வேர்கள் மேலாகவே பரவி, பாதைக்குக் குறுக்கே படுத்திருக்கின்றன. மழை நனைத்தால் ஒவ்வொரு வேரும் சவர்க்காரம். ஆகவே மாமா குனிந்த தலை நிமிராமல் நடந்தார். அதன் பலனாக, அன்று காட்டைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். மான்பாசி, விரல் நகம் அளவில் சிவந்த தொப்பி போட்ட காளான், மூஸ் என்கிற பெரிய மான் போட்டுவிட்டுப் போன புழுக்கை எல்லாவற்றையும் ஊன்றுதடியால் சுட்டிச் சுட்டிக் காட்டினார். புழுக்கைக்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் ஒதுக்கினார். "ஆட்டுப் புழுக்கைதான். ஆனால் ஆடு மாடளவு."

கரடிக்கு என்ன செய்வது என்று முதல்நாளே ஆராய்ந்திருந்தார். பூங்காக்காரர் சொல்வது எளிது: சத்தம் போட்டபடி நடவுங்கள், திடீரென்று முன்னால் போய் நின்று கரடியைத் திடுக்கிட வைக்காதீர்கள். அதற்கென்று கடைகளில் சின்ன மணிகூட விற்கிறார்கள். மாமா காசு செலவழிக்கவில்லை. மாமிக்குத் தெரியாமல் சாமியறைக் கைமணியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ஸ்புரூஸ் மரங்களுக்கு நடுவே கணீர் கணீர் என்று அது ஒலித்தபோது, எதிரே வந்த ஒரு ஜெர்மன் குடும்பம் பாதையைவிட்டு ஒதுங்கி மரியாதையாக நின்றது. தீபத்தட்டு பின்னால் வருகிறது என்று நினைத்தார்களோ என்னவோ. கரடி வரவில்லை. வேறெதுவும் வரவில்லை. அந்த மணியடித்த தூரத்துக்கு ஒரு காக்கைகூட இருக்கவில்லை.

வந்தது கறுப்பு ஈ. எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. ஓடுகிற தண்ணீரில் பிறக்கிறது. தேங்கின தண்ணீர் கொசுவுக்கு. இந்தத் தீவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை, ஆகவே இரு கட்சிக்கும் ஆட்சி உண்டு. கடிக்கும்போது தெரியாது. காதுக்குப் பின்னால் தடவினால் விரலில் இரத்தம் இருக்கும், அப்போதுதான் தெரியும். மாமா வேப்பெண்ணெய் பூசியிருந்தார். அது வேலை செய்யும் என்பதற்கு நான் சாட்சி: அவரை விட்டுவிட்டு எல்லாம் என்னிடம் வந்தன.

சதுப்பில் போட்ட பலகைப் பாதையில் மாமா மறுபடி நின்றார். குடம் குடமாகத் தண்ணீர் ஏந்திய, கருஞ்சிவப்பு நரம்போடிய செடி. பூச்சியைப் பிடித்துத் தின்னும் ஜாடிச்செடி. 1954இலிருந்து இதன் பூதான் நியூபவுண்ட்லாந்தின் அதிகாரபூர்வப் பூ. மண்ணில் சத்தில்லாத ஊரில் பூச்சியைத் தின்றாவது பிழைக்கிற செடி அது.

"இதைக் காடு முழுக்க நட்டால் என்ன?" என்றார், என் கழுத்தைப் பார்த்தபடி.

நான் படித்திருந்ததைச் சொன்னேன். பூச்சிகள் மூழ்கிச் சாகிற அந்தக் குடத்துத் தண்ணீருக்குள்ளேயே ஒருவகைக் கொசு முட்டையிட்டுக் குடும்பம் நடத்துகிறது. அதன் புழு குளிர்காலத்தில் குடத்தோடு சேர்ந்து உறைந்து, இளவேனிலில் எழும்புகிறது. வடக்கே வாழ்கிற அந்தக் கொசு மனிதரைக் கடிப்பதில்லை.

மாமா குனிந்து குடத்துக்குள் நெடுநேரம் பார்த்தார். "வாடகை இல்லாத வீடு" என்றார். ஸ்காபரோவில் அடித்தளத்தை வாடகைக்கு விட்டிருப்பவருக்கு இதெல்லாம் உடனே கண்ணில் படும்.

பின்னேரம் முகாமுக்குப் பக்கத்துக் கடைக்குப் போனோம். பனிப்பாறை பார்க்கலாமா என்று கேட்டேன். "அது போன மாதம், மை லவ்" என்றார் கடைக்காரப் பெண், மாமாவைப் பார்த்து. இந்த ஊரில் தபால்காரரும் 'மை லவ்'தான். ஆனால் மாமாவுக்கு எழுபத்திரண்டு வயதில் இது முதல் தடவை. மாமியிடம் சொல்லக்கூடாதவற்றின் பட்டியலில், கைமணிக்கு அடுத்ததாக இதுவும் சேர்ந்தது.

அங்கே கோப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நாங்கள் யார் என்று கேட்டார். தமிழர் என்றதும், "அந்தப் படகில் வந்தவர்களின் ஆட்களா?" என்றார். 1986 ஆகஸ்டில், இங்கிருந்து தெற்கே சென் மேரிஸ் விரிகுடாவுக்கு வெளியே, மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கண்டு கரைசேர்த்தவர்கள் இந்தத் தீவின் மீனவர்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கடைக் கதிரையில் அந்தக் கதை உட்கார்ந்திருக்கிறது.

"நான் பிளேனில வந்தனான்" என்றார் மாமா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அதனாலென்ன, பரவாயில்லை என்று பெரியவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

மூஸைப் பற்றியும் அவரிடம்தான் விசாரித்தோம். மூஸ் இந்தத் தீவின் பூர்வகுடி அல்ல. 1904இல் நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து நான்கைக் கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன்பு 1878இலும் ஒரு சோடி. ஓநாயோ 1930 அளவில் தீவிலிருந்தே அற்றுப்போனது. தட்டிக்கேட்க ஆளில்லாமல் இன்று ஒரு இலட்சம் அளவுக்குப் பெருகி, ஃபிர் கன்றுகளை முளையிலேயே மேய்ந்து காட்டையே தேய்க்கின்றன. வேறு வழியில்லாமல் 2011இலிருந்து பூங்காவுக்குள்ளேயே வேட்டைக்கு அனுமதித்திருக்கிறார்கள். "வந்தேறியள் கூடிப்போச்சினம் எண்டுறாங்கள்" என்று மாமா என் காதுக்குள் மொழிபெயர்த்தார். அதற்குப் பிறகு மூஸின் பக்கம் ஒரு கட்சிக்காரரைப் போலவே பேசினார்.

இருட்டுகிற நேரம், ட்ரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பூங்காவை ஊடறுத்துப் போகிற பெருந்தெரு அது. நாள் முழுக்க எங்கே என்று தேடினோமோ அது, வீதியோரப் புல்லில், எச்சரிக்கைப் பலகைக்குச் சரியாகப் பக்கத்தில், பலகையிலுள்ள படத்தைப் போலவே நின்றது. ஆளுயரக் கால். மாமா கண்ணாடியை இறக்கி மணியை எடுத்து இரண்டு தரம் அடித்தார். மூஸ் மெல்வதை நிறுத்தி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மென்றது.

ஊரில் அப்போது விடிய ஐந்து மணி. பூப்பறிக்க எழும்பியிருந்த தன் தமையனை அழைத்து மாமா சொன்னார்: "ஓம் அண்ணை, காட்டுக்குள்ளதான். நடந்துதான். நான் மணி அடிச்சன், வந்து முன்னால நிண்டது."