கொடிக்கம்பி

ரொறன்ரோவிலிருந்து வந்த மருமகன் பெட்டியைத் திறந்தான். சொக்லேற் இல்லை. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டிக்கட்டுத்தான் இருந்தது: தோளுக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு, நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்று, நாலைந்து இரும்புக் கொழுக்கிகள்.

“மாட்டுக்குப் போடுறதோ தம்பி?” என்றாள் மனைவி.

“எனக்கு மாமி. அன்ரனாக் கம்பம் ஏற. பாதுகாப்புக்கு.”

பளையில் அந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். பாதுகாப்பு அமைச்சு, உயர் பாதுகாப்பு வலயம், பாதுகாப்புக் காரணங்களுக்காக மூடப்பட்ட ஏ-9 வீதி என்று பல வேஷத்தில் அதைப் பார்த்துவிட்டோம். ஒரு மனுசன் உயரத்திலிருந்து விழுந்து முதுகு முறியாமல் இருப்பதற்கும் அதுதான் பெயர் என்பது எனக்கு ஐம்பத்து நாலு வயதில் தெரிந்தது.

மருமகன் ஒரு ஹாம். சம்பளத்துக்கல்ல, ஆசைக்கு வானொலி அனுப்பிப் பேசும் கூட்டம். உலகம் முழுக்க உண்டு. சோதனை எழுதி, அரசிடம் அழைப்புக்குறி வாங்க வேண்டும். ஒன்ராறியோவில் அவனுடையது வி.ஈ.3 என்று தொடங்கும். இலங்கைக் குறி 4எஸ்7. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் வி.எஸ்.7. இங்கே நின்று பேசுவதற்குக் கொழும்பிலிருந்து தற்காலிக அனுமதி வேண்டும். அந்தக் கடிதம் இன்னும் கைக்கு வரவில்லை.

“அதுவரைக்கும் கேக்கலாம் மாமா. பேசத்தான் கூடாது.”

“அது எங்களுக்குப் பழக்கம்தான் தம்பி,” என்றேன்.

கேட்பதற்கு எங்கள் வளவில் கம்பி கட்டியது இது முதல்தடவையல்ல. என் பெரியப்பா றேடியோ திருத்துகிறவர். வீட்டுக்குப் பின்னால் இருபது மீற்றர் இடைவெளியில் இரண்டு பனைகள் நின்றன. எரிந்துபோன நீர்ப்பம்பி மோட்டரின் செப்புக் கம்பியை அவிழ்த்து, இரண்டு பனைகளுக்கும் நடுவே அறுபதடி உயரத்தில் இழுத்துக் கட்டுவித்தார். காப்பானுக்கு உடைந்த சோடாப் போத்தலின் கழுத்து. கயிறு கிளாலிப் பக்கத்து மீன்பிடி நைலோன். ஒரு முனையிலிருந்து கம்பி சரிந்து இறங்கி யன்னலால் உள்ளே வரும்.

கட்டுவித்தார் என்று எழுதினேன். கட்டியவர் வேறு. வேலிக்கு அப்பால் இருந்த, சீவல் தொழில் செய்தவர். அவருக்கு என் அப்பாவின் வயது. நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், எங்கள் தெருவில் அதுதான் முறையாக இருந்தது. இப்போது அண்ணை என்று எழுதுகிறேன். எழுதுவதற்குச் செலவில்லை.

அண்ணையிடம் இருந்த உபகரணம் காலுக்கு ஒரு தளைநார், இடுப்பில் கத்திக்கூடு, அவ்வளவுதான். ஆனால் சட்டங்கள் நிறைய வைத்திருந்தார். ஏறுமுன் மரத்தை உள்ளங்கையால் தட்டிச் சத்தம் கேட்பார். மழை பெய்த காலையில் ஏறமாட்டார். மேலே நிற்கும்போது யாரும் அவரோடு கதைக்கக்கூடாது, மரத்தடியில் ஒரு கோழி நின்றாலும் கலைத்துவிட வேண்டும். கால் நகரும்போது கை மரத்தைக் கட்டிப்பிடித்திருக்கும். கை நகரும்போது கால் தளைநாரில் பூட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்து நகர்ந்ததை நான் கண்டதில்லை.

பெரியப்பா கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டச் சொன்னார். அண்ணை மேலே நின்றபடி மறுத்துவிட்டார். “காத்துக்கு மரம் ரெண்டும் ஒரே பக்கம் ஆடாது. கம்பி அறும்.” கப்பி ஒன்றைக் கேட்டு வாங்கி ஒரு பனையில் மாட்டினார். அதன்மேலாகக் கயிற்றைப் போட்டு, நுனியில் கல் நிரப்பிய கள்ளு முட்டியைத் தொங்கவிட்டார். பனை ஆட, முட்டி ஏறி இறங்கும், கம்பி அசையாது. கச்சான் காற்றிலும் அது அறுந்ததில்லை.

இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, பற்றறி தடைசெய்த பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு மின் எடுத்தோம். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். நடுவில் பெரியப்பா நாலு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் வைத்து ஒட்டியிருந்தார். சுற்றுகிற வேலை எனக்கு. கை தளர்ந்தால் லண்டன் குரல் கம்மும், “சுத்தடா!” என்று பத்துப் பேர் உறுமுவார்கள். அந்தப் பத்துப் பேரும் விறாந்தையில். கம்பி கட்டிய அண்ணை முற்றத்தில், வேலியோரம். அவருக்காகச் சத்தத்தைக் கூட்டி வைப்பது எங்கள் பெருந்தன்மை என்று அன்றைக்கு நினைத்தோம்.

அந்தக் காலத்தில் பனையில் கம்பி கட்டுவதன் ஆபத்து பனையில் இல்லை. கம்பி யார் கண்ணில் படுகிறது என்பதில் இருந்தது. ஒரு காலை சீருடைக்காரர் வளவுக்குள் வந்தார்கள். எந்தச் சீருடை என்று கேட்காதீர்கள். அந்த வருடங்களில் சீருடைகள் முறை வைத்து வந்தன. அண்ணாந்து பார்த்த ஒருவன் இது என்ன என்று கேட்டான். பெரியம்மா கிணற்றடியிலிருந்து வந்து, பிழிந்த சாரமொன்றை எடுத்து, யன்னலருகே சரிந்து இறங்கிய கம்பியில் போட்டு, நாலு பக்கமும் இழுத்து விரித்தா. “கொடிக்கம்பி.” அவன் கம்பி போன வழியே பனை உச்சி வரை பார்த்தான். அறுபதடியில் உடுப்புக் காயப்போடுகிற குடும்பத்தை அவன் முன்னர் கண்டிருக்கமாட்டான். என்ன நினைத்தானோ, போய்விட்டான். அன்றிலிருந்து கம்பியில் எந்நேரமும் ஒரு சாரம் தொங்கும். எங்கள் வீட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு அதுதான்.

இடிக்கு மட்டும் பெரியப்பா பயந்தவர். ஐப்பசியில் தெற்கே கறுத்தால், முதல் வேலை கம்பியை றேடியோவிலிருந்து கழற்றி, கிணற்றடி ஈரமண்ணில் அடித்த இரும்புக் குழாயில் கொழுவிவிடுவார். அதை ஒருநாள் மறந்த ஒருவரின் றேடியோ திருத்த வந்தபோது, உள்ளே திருத்த ஒன்றுமே இருக்கவில்லை.

1996இல் இடம்பெயர்ந்து வன்னிக்குள் போனோம். அங்கே மணிக்கூட்டுக்கும் எல்லை வந்தது. கொழும்பு நேரத்தை முன்னே நகர்த்தியது. எங்கள் பக்கம் நகர்த்தவில்லை. தமிழோசை எங்களுக்கு 9.15 ஆகவே இருந்தது. 2000 ஏப்ரலில் ஆனையிறவும் பளையும் கைமாறின. 2009 ஜனவரியில் பளை திரும்பவும் கைமாறியது. அண்ணை முப்பது வருடம் பனை ஏறியவர், ஒருநாளும் விழவில்லை. 2009இல் அவர் ‘பாதுகாப்பு வலயம்’ என்று பெயர் வைத்த நிலத்தில் இருந்தார். அதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

திரும்பி வந்தபோது ஒரு பனை இல்லை; பதுங்குகுழிக்குப் போயிருக்கும். மற்றதற்குத் தலை இல்லை. மருமகன் அதில் அன்ரனாவின் ஒரு முனையைக் கட்டலாமோ என்று தட்டிப் பார்த்தான். தட்டிய விதம் எனக்கு என்னவோ செய்தது. “உள்ளுக்க உக்கிப்போச்சு. இதை நம்பேலாது,” என்றான். தலை போன பனை பிறகு தளிர்ப்பதில்லை. அது நிற்பது நிற்கிற பழக்கத்தால்.

ஆகவே இரும்பு. நாற்பதடிக் கம்பம், நாலு துண்டாக. அதற்கு அவன் சொன்ன முறைகளைக் கேட்டுக் களைத்துப்போனேன். முதலில் நாடா பிடித்து மின்கம்பி வரை அளந்தான். கம்பம் சரிந்தாலும் மின்கம்பியில் படக்கூடாதாம். உயரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது தூரம் வேண்டுமாம். உலகமெங்கும் அன்ரனா கட்டப் போய்ச் செத்தவர்களில் பலர் விழுந்து சாகவில்லை, மின்கம்பி தொட்டுச் செத்தார்கள் என்றான். எங்களுக்கு அந்த ஆபத்து இருக்கவில்லை. எங்கள் தெருவில் அறுந்து கிடந்த மின்கம்பியை எடுத்து ஊரே உடுப்புக் காயப்போட்டது.

அடுத்தது கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்ரே கம்பிகள். மூன்று திசைக்கு, ஒவ்வொன்றும் நூற்றிருபது பாகையில், அடியிலிருந்து முப்பதடி தள்ளி நங்கூரம். நங்கூரத்துக்குக் குழி, இடிதாங்கிக்கு எட்டடி செப்புக் கோல்.

குழி என்றதும் நான் எழும்பினேன்.

கனடாவின் எந்தக் கையேட்டிலும் இல்லாத அத்தியாயம் அது. எங்களுக்கு வடக்கே முகமாலையில் ஹலோ ட்ரஸ்ற் பெண்கள் வருடக்கணக்காக முழங்காலில் இருந்து கண்ணிவெடி கிளறினார்கள். எங்கள் வளவும் பார்த்து விடப்பட்டதுதான். ஆனால் பார்த்தவர்கள் மேல்மண்ணைப் பார்த்தார்கள், எட்டடிக்கல்ல. மருமகன் கையேட்டை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். கடைசியில், மீள்குடியேறியபோது குழாய்க்கிணறு அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே கோல் இறக்கினோம், ஏற்கெனவே ஒருமுறை இடிபட்ட மண் என்பதால். நங்கூரக் குழிகளை மண்வெட்டியால் வெட்டாமல் சாந்தகப்பையால் சுரண்டி எடுத்தோம். இரண்டு நாள். கொங்கிறீற்று இறுக ஏழு நாளாவது விடவேண்டும் என்று அவன் சொல்ல, நான் ஒப்புக்கொண்டேன். ஓய்வு எனக்குத்தான் தேவை.

எட்டாம் நாள் பட்டிக்கட்டைப் பூட்டிக்கொண்டு ஏறினான். இரண்டு கொழுக்கி, ஒன்று கழலும்போது மற்றது கட்டாயம் பூட்டியிருக்கும். சாவி, குறடு எல்லாம் நூலில் கட்டி இடுப்பில். கீழே நிற்பவன் தலைக்கவசம் போடவேண்டும், நேர்க்கீழே யாரும் நிற்கக்கூடாது, மேலே நிற்பவனோடு வீண்கதை கூடாது. முற்றத்தில் மேய்ந்த கோழியை நானே கலைத்தேன். அவன் அன்ரனாவின் நடுவை உச்சியில் கட்டி, இரண்டு காலையும் குடைக்கூரைபோல் சரித்து இழுத்தான். காலுக்குப் பத்து மீற்றர். ஏழு மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு அந்த அளவுதானாம். ஒரு நுனி வேப்பமரத்தில். வேம்பு ஆடுமே என்று யோசித்துவிட்டு, “மாமா, ஒரு கப்பியும் பாரமும் கிடைக்குமோ? இதுக்கு ஒரு நல்ல முறை இருக்கு,” என்றான், யூரியூபில் படித்ததாக. நான் போய்க் கப்பி எடுத்து வந்தேன். முட்டி இல்லை. பிளாஸ்ரிக் வாளியில் கல் நிரப்பினோம்.

வேலை முடிந்து நிமிர்ந்து பார்த்தேன். மேற்கே கடல்நீரேரிக் கரையில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தெற்கே போனால், 1990இல் முகாமோடு விழுந்த கொக்காவில் தொலைக்காட்சிக் கோபுரத்தின் இடத்தில் 2011இல் எழுப்பிய 174 மீற்றர்க் கோபுரம். எங்கள் நாற்பதடி அதற்கு முன்னால் ஈர்க்கு. ஆனாலும் இரவில் மருமகன் கதை சொன்னான்: 2004 டிசம்பரில் போட் பிளேயர் ஹோட்டல் ஒன்றின் மேலே இப்படி ஒரு அன்ரனாவைக் கட்டி விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண், சுனாமி அடித்த காலையிலிருந்து அந்தமானின் செய்தியையெல்லாம் வெளியே கொண்டுபோனா, அம்பாந்தோட்டைக்கு விக்டர் குணதிலக்கவும் கூட்டாளிகளும் றேடியோ கொண்டுபோனார்கள். முல்லைத்தீவுக்கு? என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படியொரு பெட்டியை ஆசைக்கு வைத்திருக்க எந்த வீட்டுக்காரனுக்குத் துணிவு இருந்தது?

பிறகு றேடியோப் பெட்டியைப் போட்டான். கொர்ர்ர் என்று ஒரு இரைச்சல். அலைவரிசை முழுக்க அதுதான்.

எல்.ஈ.டி. குமிழ், போன் சார்ஜர், சோலார் இன்வேர்ட்டர் எல்லாம் வானொலிக்கு இரைச்சல் போடுமாம். எங்கள் வீட்டு மெயினை நிறுத்தினான். பக்கத்து வீடு இரைந்தது. சோலார் போட்டிருந்த மூன்றாம் வீட்டுக்காரரிடம் போய்க் கேட்க வெட்கப்பட்டான். எனக்கு அப்போதுதான் உறைத்தது: மின்சாரமே இல்லாத அந்தப் பளை, றேடியோ கேட்பதற்கு உலகத்தில் அமைதியான இடங்களில் ஒன்றாக இருந்திருக்கிறது. ஷெல் சத்தத்தை விட்டால்.

அதிலிருந்து நாலாம் நாள், 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை மட்டில் மின்விசிறி நின்றது. நாடு முழுக்க நின்றிருக்கிறது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாக அமைச்சரே பிறகு சொன்னார். மின்தொகுதி போனால் சோலார் இன்வேர்ட்டரும் தானாக நின்றுவிடும். மருமகனின் பெட்டிக்கு மட்டும் கார் பற்றறி.

“மாமா! ஓடி வாங்கோ!”

இரைச்சல் இல்லை. கழுவித் துடைத்த பலகைபோல் அலைவரிசை. அதில் வி.யூ.2 என்று தொடங்கும் ஒரு குரல், தமிழ்நாட்டுத் தமிழில், காலையில் என்ன சாப்பிட்டேன் என்று இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இட்லி. இரண்டு வகைச் சட்னி. நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் கேட்டோம். விறாந்தையில் கதிரை காலியாக இருந்தும் நான் முற்றத்துப் படியில் போய் இருந்தேன்.

கிணற்றடியிலிருந்து மனைவி வாளியோடு வந்தாள். வழமையான கொடியில் இடம் இல்லை. சுற்றிப் பார்த்தவள், சரிந்து நின்ற ஸ்ரே கம்பியில் என் சாரத்தை உதறிப் போட்டாள்.

மருமகன் பாய்ந்து எழும்பினான். “மாமி! அதில போடாதேங்கோ, காத்து அள்ளினா கம்பம் இழுபடும்!”

“இருக்கட்டும் தம்பி,” என்றேன். “உன்ர கடிதம் வருமட்டும் கிடக்கட்டும்.”