செல்லும், ஆனால் செல்லாது

நியூ ஜெர்சி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கே.கே. நகரில் நீங்களும் சித்தியும் சௌக்கியமா? சிவன் பூங்கா வாக்கிங் தவறாமல் நடக்கிறதா?

நீங்கள் கொடுத்தனுப்பிய பொன்னிற டாலர் காசுகள் வந்து சேர்ந்தன. "அந்த ஊர்க் காசு அந்த ஊரிலேயே செலவாகட்டும்" என்றீர்களாம். கடையில் ஒன்றை நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் பக்கத்துக் கல்லாக்காரரைக் கூப்பிட்டாள். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். காசில் முதுகில் பிள்ளையோடு இருக்கும் பூர்வகுடிப் பெண் சகாகவியாவை மூவரும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி உற்றுப் பார்த்தார்கள். ஒருவழியாக வாங்கிக்கொண்டார்கள். ஆனால் கல்லாப்பெட்டியில் அதைப் போட ஒரு குழி கிடையாது!

சட்டப்படி அது செல்லும். ஆனால் கடைக்காரர் வாங்கியே தீர வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசின் சட்டம் எதுவும் இல்லை. பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுத்த பூக்காரம்மாவிடம், பி.டி. ராஜன் சாலையில் நின்று ரிசர்வ் வங்கி அறிக்கையை வாசித்துக் காட்டினீர்களே, அந்த வித்தை இங்கே பலிக்காது. அங்கேயே பலிக்கவில்லை என்று சித்தி சொன்னாள். 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி சொன்னது பூக்காரம்மாவுக்கு என்ன தெரியும்? நாளைக்குக் கோயம்பேட்டில் பூ மொத்தமாகக் கொடுப்பவர் வாங்குவாரா என்பதுதான் அவள் கவலை.

டாலர் காசைப் புழங்கவைக்க இங்கே அரசாங்கமும் முயலாமல் இல்லை. 1979-இல் பெண்ணுரிமைப் போராளி சூசன் ஆன்டனியின் உருவம் போட்ட காசு வந்தது. கால் டாலர் என்று நினைத்து ஜனங்கள் ஏமாந்தார்கள். நிறத்தை மாற்றி 2000-இல் சகாகவியா. 2007-இலிருந்து வரிசையாக ஜனாதிபதிகள். தபால் செலவில்லாமல் காசு அனுப்புகிறோம் என்று நாணயச்சாலை அறிவித்ததும், கெட்டிக்காரர்கள் கிரெடிட் கார்டில் மூட்டை மூட்டையாக வாங்கி, நேரே பேங்கில் போட்டுவிட்டு, கார்டு தந்த புள்ளிகளில் இலவசமாக விமானம் ஏறினார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரியாமல் போனதே! 2011 கடைசியில் கிட்டத்தட்ட 140 கோடி காசு வாங்க ஆளில்லாமல் கிடந்தது. நம் நாட்டில் தலைக்கு ஒன்று கொடுத்திருக்கலாம். புழக்கத்துக்கு அச்சிடுவதை அதோடு நிறுத்தினார்கள்.

காரணம் எளிது. ஒரு டாலர் நோட்டு இருக்கும்வரை, பையைக் கனக்கவைக்கும் காசை யார் தொடுவார்கள்? கனடாக்காரன் 1987-இல் காசு விட்டான், இரண்டே வருஷத்தில் நோட்டை நிறுத்தினான், காசு ஓடுகிறது. ஈக்வடார் 2000-இல் டாலருக்கு மாறியது. இங்கே சீந்துவாரில்லாத சகாகவியா அங்கே சந்தையில் காய்கறி வாங்குகிறாள்.

இங்கே அவளுக்கு மிச்சமிருப்பது ஒரே உத்தியோகம். குழந்தைக்குப் பல் விழுந்தால் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். ராத்திரியில் பல் தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும். இதற்கென்றே பேங்கில் டாலர் காசு கேட்டு வாங்கும் பெற்றோர் உண்டு. சின்னவளுக்கு முன்பல் ஆடுகிறது. கூரைமேல் எறியச் சொல்லி சித்தி போனில் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஒரு பல்லுக்கு எத்தனை காசு என்று சின்னவள் இப்போதே பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அன்புடன்,
முரளி