பேல் ஏலின் பூர்வீகம் முத்தாண்டிக்குப்பமே

பேல் ஏல் என்னும் பொன்னிற பீர் இங்கிலாந்தில் பிறந்தது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஒரே ஆதாரம், அதை அங்கே காய்ச்சினார்கள் என்பதுதான். எங்கே காய்ச்சினார்கள் என்பதை வைத்து ஒரு பண்டத்தின் பூர்வீகத்தை முடிவு செய்வது ஆய்வுலகின் நெடுநாள் சோம்பேறித்தனம். என்ன எரிபொருள், என்ன தண்ணீர், எந்தத் துறைமுகம், என்ன வாசனை என்று கேட்டுக்கொண்டே போனால், வழி நேராகக் கடலூர் மாவட்டத்து முத்தாண்டிக்குப்பத்தில் வந்து முடியும். அந்த ஊரில் இதுவரை ஒரு சொட்டு பேல் ஏல்கூடக் காய்ச்சியதில்லை என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். சிறு குறைபாடுதான். ஆய்வு அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முதலில் நெருப்பைப் பார்ப்போம். முளைகட்டிய வாற்கோதுமையை விறகுப் புகையில் உலர்த்திய காலம் வரை பீர் பழுப்பாகவும் புகை வாடையோடும் இருந்தது. நிலக்கரியை அப்படியே எரித்தால் கந்தக நாற்றம் தானியத்தில் ஏறிவிடும். 1640-களில் டெர்பிஷயர்க்காரர்கள் நிலக்கரியைச் சுட்டு, புகையும் கந்தகமும் போன கோக் கரியாக்கி, அதன் சூட்டில் தானியத்தை உலர்த்தினார்கள். தானியம் கருகவில்லை, வெளிறியது. பேல் ஏல் பிறந்தது. இந்தச் சூட்சுமத்தை மால்ட் என்னும் அந்த முளைதானியத்தை அரைக்கும் ஆலைகளைச் செய்பவரிடம் வேலை பழகிய காலத்தில் அறிந்துகொண்ட ஆபிரகாம் டார்பி 1709-இல் அதே கோக்கைப் போட்டு இரும்பு உருக்கினார். தொழிற்புரட்சி என்று பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்ததில் பீருக்கு உள்ள பங்கைப் பாடநூல் மறைத்துவிட்டது.

ஆக, பேல் ஏலுக்குத் தாய் புகையில்லாக் கரி. தமிழ்நாட்டில் புகையில்லாக் கரி என்றதும் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு நினைவுக்கு வருவது லெக்கோ. முத்தாண்டிக்குப்பத்துக்குப் பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை அச்சுக்கட்டியாக்கிச் சுட்டு, வீட்டு அடுப்புக்கென்று விற்ற அதே கரி. கேஸ் சிலிண்டர் வருவதற்கு முன் அந்த அடுப்பில் சோறு பொங்கிய வீடுகள் ஏராளம். டெர்பிஷயர்க்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் செய்ததை நெய்வேலி 20-ஆம் நூற்றாண்டில் செய்தது. முந்நூறு ஆண்டுத் தாமதம் என்பார்கள். நிலக்கரி நிறுவனம் 1956-இல்தான் பதிவானது. அதற்கு முன் எப்படிச் சுடுவது?

அடுத்தது தண்ணீர். பேல் ஏலுக்குப் பேர்போன, இங்கிலாந்தின் பர்ட்டன்-ஆன்-ட்ரென்ட் ஊரின் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அது பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பைத் தூக்கிக் காட்டும். மற்ற ஊர்க்காரர்கள் இன்றும் தங்கள் தண்ணீரில் ஜிப்சம் கலந்துதான் பர்ட்டனுக்குச் சமமாகிறார்கள். நெய்வேலியிலோ தண்ணீரைத் தேட வேண்டியதே இல்லை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக பம்ப் போட்டு இறைக்காவிட்டால் அது சுரங்கத்தைப் பொத்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஜிப்சத்துக்கும் குறைவில்லை. நம் பக்கத்து மணிலாக் காட்டில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பது வேளாண் துறையின் பரிந்துரை. அந்த ஜிப்சம் மணிலாக் கொட்டைக்குப் போகிறது. கொட்டை வறுபட்டு பீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்கிறது. கொஞ்சம் சுற்றுவழிதான், ஆனால் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

துறைமுகத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனி 1746 முதல் 1752 வரை கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் உட்கார்ந்துதான் இந்தக் கரையை ஆண்டது. கம்பெனிக் கப்பல்களுக்கு பீர் கொடுத்துப் பேர் வாங்கிய ஜார்ஜ் ஹாட்ஜ்சன், லண்டனை அடுத்த போ என்னும் இடத்தில் தொழில் தொடங்கியதும் 1750-களின் தொடக்கத்தில்தான். அவர் சரக்கு இந்தியாவில் பரவலாக விற்றது அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து என்று காலக்கணக்கு பார்ப்பவர்கள் தடுப்பார்கள். சரக்கு பின்னால் வந்திருக்கலாம். தாகம் முன்பே இருந்திருக்கிறது. பூர்வீகத்தைத் தாகத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். இந்தியச் சந்தையைப் பிடிக்க ஹாட்ஜ்சனோடு போட்டிக்கு இறங்கிய பர்ட்டன் ஊர் ஆல்சாப் ஆலையில், 1822 வாக்கில், முதல் மாதிரியைத் தேநீர்க் கெண்டியில் காய்ச்சிப் பார்த்தார்கள் என்பது அந்த ஊரார் சொல்லும் கதை. முத்தாண்டிக்குப்பத்தில் டீக்கடைக்குப் பஞ்சமில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

மிச்சம் இருப்பது வாசனை. இதை நூலகத்தில் தீர்க்க முடியாது. மதுவகத்துக்குள்ளேயே காய்ச்சி ஊற்றும் சின்ன ஆலைகள் பூனாவில் 2009-இலும் பெங்களூரு இந்திராநகரில் 2010-இலும் வந்துவிட்டன. நமக்குப் பக்கம் புதுச்சேரி. களஆய்வுக்குத் தகவலாளர் ஒருவர் தேவைப்பட்டார். பலாத் தோப்புக்கும் முந்திரிக்காட்டுக்கும் நடுவே பிறந்து, சுரங்கத்தில் மூன்று ஷிஃப்டும் பார்த்து ஓய்வு பெற்றவர். கட்டுரையாளருக்கு மாமா முறை. ஆய்வு அறத்தின்படி இனி அவர் தகவலாளர் 'அ'.

கண்ணாடித் தம்ளரில் பேல் ஏல் வந்தது. தேன் நிறம், லேசான கலங்கல், விரற்கடை உயரத்துக்கு நுரை. நுரை அடங்கும்போது தம்ளரின் உட்புறத்தில் வளையம் வளையமாகப் படிந்தது. தம்ளர் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவப்பட்டிருந்தால்தான் இப்படிப் படியும். தகவலாளர் தம்ளரைத் தொட்டார். "என்ன மாப்ள, கூலிங்கே இல்ல?" என்றார். இதற்கு விடை உண்டு. ஐஸ் மாதிரி இருந்தால் வாசனை மேலே எழும்பாது. ஏல் வகையைச் சற்றுச் சூடு கூட்டித்தான் தருவார்கள். இதை விளக்கிச் சொன்னோம். "வாசனைக்கா வந்தோம்?" என்றார். ஆய்வு நோக்கத்தையே அசைக்கும் கேள்வி. அதை அப்போதைக்கு ஒத்திவைத்தோம்.

ஊற்றிய தம்பி, இதில் போட்டிருப்பது அமெரிக்க சிட்ரா ஹாப்ஸ், மாம்பழம், லிச்சி, எலுமிச்சை வாசனை வரும் என்று பாடமாக ஒப்பித்தார். தகவலாளர் மூக்கைத் தம்ளருக்குள் விட்டு, நிதானமாக எடுத்து, "பலாப்பழம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றார் தம்பி. "அப்ப வாசனை எப்படி வருது? மரத்திலயே வெடிச்ச பழம் இது. வெட்டிப் பழுக்க வெச்சது இல்ல."

இதைக் கிராமத்து அப்பாவித்தனம் என்று தள்ளிவிட முடியாது; வேதியியல் தகவலாளர் பக்கம் நிற்கிறது. பழுத்த பலாவின் மணத்தில் பெரும்பங்கு ஐசோவேலரிக் அமிலம் ஆல்கஹாலோடு சேர்ந்து உண்டாகும் எஸ்டர்களுடையது. அதே ஐசோவேலரிக் அமிலம் நாள்பட்ட ஹாப்ஸிலும் உண்டாகும். கழற்றிப்போட்ட ஷூவுக்குள் இருக்கும் சாக்ஸின் வாடையும் அதுவே. ஷிஃப்ட் பூட்ஸையும் பலாப்பழத்தையும் ஒரே வீட்டுத் திண்ணையில் வைத்து வாழ்ந்த ஒருவரைவிட இதற்குத் தகுதியான மூக்கு பர்ட்டனில் கிடைக்குமா? ஹாப்ஸோ கஞ்சாச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. நீண்ட கோடைப் பகலும் நல்ல குளிரும் கேட்கும். இந்தியாவில் இமாச்சலத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் அதை வளர்த்தார்கள். கடலூர் வெயிலில் அது வராது. பலா வரும்.

பிறகு ஒரு மடக்கு குடித்தார். முகம் சுளிக்கவில்லை. "கசக்குது. ஆனா தொண்டையப் புடிக்கல" என்றார். பீர் உலகம் கசப்பை ஐ.பி.யூ. என்ற அளவால் குறிக்கிறது. ஒரு லிட்டரில் ஹாப்ஸின் கசப்பு அமிலம் சுமார் ஒரு மில்லிகிராம் இருந்தால் ஒன்று. பேல் ஏல் ஏறத்தாழ 30 முதல் 50 வரை போகும். துவர்ப்புக்கு அவர்களிடம் இப்படியோர் எண் இல்லை. முந்திரிப்பழத்தை உப்புத் தொட்டுத் தின்று வளர்ந்தவருக்குக் கசப்பும் காறலும் வெவ்வேறு சாமான். முந்திரிப்பழச் சாற்றின் டானினைக் கஞ்சி ஊற்றிப் படியவைத்துத் தெளிவு எடுக்கலாம். ஆங்கிலேயர் ஏலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையைப் போட்டார்கள். இந்த ஒப்பீட்டில் நாகரிகம் எந்தப் பக்கம் என்று நாம் சொல்லப்போவதில்லை. கோவாக்காரர்கள் அந்தப் பழத்திலிருந்து ஃபெனி இறக்கி 2009-இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். நம் தோப்பில் கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியில் போட்டுவிட்டு வருகிறோம்.

களஆய்வு தடைபட்ட இடம் ஒன்றே ஒன்று. தொட்டுக்கொள்ள வறுத்த முந்திரி வந்தது. கிண்ணத்தில் இருந்ததை எண்ணிப் பார்த்த தகவலாளர் விலைப்பட்டியலையும் பார்த்தார். ஓட்டு எண்ணெய் பட்டுத் தோல் உரிந்த கையோடு கொட்டை உடைக்கும் பெண்களுக்கு என்ன கூலி என்று அவருக்குத் தெரியும். பீரைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை. கடைசியில், 5 சதவீதத்துக்கு அருகில் நிற்கும் அந்தத் தம்ளரைக் காலி செய்துவிட்டு, "ஏறவே இல்லியே" என்று மட்டும் அறிக்கை கொடுத்தார். 8 சதவீதம் வரை போகும் ஸ்ட்ராங் பீரில் பழகிய நாக்கின் வாக்குமூலம் என்று இதைப் படிக்க வேண்டும்.

இத்தனையும் இருந்தும் முத்தாண்டிக்குப்பத்தில் பேல் ஏல் ஏன் இல்லை? 1983-இல் தொடங்கிய டாஸ்மாக் 2003-இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. அங்கே பீர் என்றால் பெரும்பாலும் ஏல் அல்ல, லாகர்; அங்கே கேட்கும் ஒரே சுவை ஆய்வு, "கூலிங் இருக்கா?" என்பது. ஆகவே பேல் ஏலின் தாயகத்தார் அதைப் பார்க்க எல்லை தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

ஆய்வைத் தொடர விரும்பும் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். பேருந்திலேயே போய் வாருங்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். மாதிரி எதையும் பையில் எடுத்து வராதீர்கள். கடலூர் ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள். அங்கே ஆய்வு என்று சொன்னால் விடமாட்டார்கள்.